"போன் பண்றோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களா?

ஆடி பிறப்பதற்கு ஒரு மாதம் முன்பே ஜவுளிக்கடை வாசல்களில் 'ஆட்கள் தேவை' பலகை ஏறிவிடும். தியாகராய நகர், மதுரை விளக்குத்தூண், திருச்சி என்.எஸ்.பி. ரோடு, கோவை கிராஸ்கட் ரோடு என்று எங்கே போனாலும் ஒரே வாசகம்தான்: ஆண், பெண் இருபாலரும் தேவை, முன் அனுபவம் அவசியமில்லை, உணவு தங்குமிடம் இலவசம், நேரில் வரவும். ஆடித் தள்ளுபடிக்கு எடுத்த ஆட்களைத் தீபாவளி வரை வைத்திருந்து, பொங்கல் முடிந்ததும் குறைப்பது பல கடைகளில் வருடா வருடம் நடக்கிற வழக்கம். பிளஸ் டூ முடித்தவர்கள், டிகிரியை முடித்துவிட்டு அடுத்த படிப்புக்குப் பணம் சேர்ப்பவர்கள், கல்யாணமாகி ஐந்தாறு வருடம் வீட்டிலிருந்துவிட்டு மறுபடி வேலைக்குக் கிளம்பும் பெண்கள் என்று பலருக்கும் முதல் சம்பளம் இப்படிப்பட்ட கடையில்தான் கிடைக்கிறது.

கணினி நிறுவன நேர்காணலுக்கு வழிகாட்டிப் புத்தகங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. கடை நேர்காணலுக்கு யாரும் எதுவும் சொல்லித் தருவதில்லை. "கடை வேலைதானே, போனா எடுத்துக்குவாங்க" என்று வீட்டிலேயே சொல்லி அனுப்புகிறார்கள். அதனால் அங்கே எடுக்கவில்லை என்றால் வலி இரட்டிப்பாகிறது. 'கடைக்குக்கூட லாயக்கில்லையா' என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அப்படி மனம் உடைந்து திரும்பியவர்களுக்காகவும், அடுத்த வாரம் போகவிருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். பி.காம். முடித்தவர். பல்லடத்தை அடுத்த ஒரு கிராமம். கோவையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பில்லிங் வேலைக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு போன் செய்திருக்கிறார். "பில்லிங்தான், நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வந்துருங்க" என்று பதில் வந்தது. விடிவதற்குள் கிளம்பி, முதல் பஸ் பிடித்து ஒன்பதரைக்கே போய்விட்டார். பின்வாசல் படிக்கட்டில் உட்காரச் சொன்னார்கள். மதியம் ஒன்றரை மணிக்குத்தான் மேனேஜர் கூப்பிட்டார். நடந்த பேச்சு இவ்வளவுதான்.

"எந்த ஊரும்மா?"

"பல்லடம் பக்கமுங்க சார்."

"கல்யாணம் ஆயிருச்சா? எப்ப பண்ணப் போறாங்க?"

"இப்போதைக்கு இல்லைங்க சார்."

"பில்லிங்ல ஆள் போட்டாச்சு. சேலை செக்‌ஷன்ல நிக்கறியா? நாள் பூரா நிக்கணும்."

"சம்பளம் எவ்வளவுங்க சார்?"

"வந்து சேரும்மா, அப்புறம் பேசிக்கலாம். ஒரிஜினல் மார்க் சீட் இருந்தா கொடுத்துட்டுப் போ. போன் பண்றோம்."

பயோடேட்டாவை மேனேஜர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. நல்லவேளையாக அந்தப் பெண் ஒரிஜினலை எடுத்துப் போகவில்லை. போனும் வரவில்லை. தன் இங்கிலீஷ் சரியில்லை, தன் நிறம் பிடிக்கவில்லை, கிராமத்துப் பேச்சு பிடிக்கவில்லை என்று தனக்குள்ளேயே காரணம் தேடிக்கொண்டு பல நாள் வீட்டில் முடங்கிக் கிடந்தார்.

மேலே உள்ள பேச்சை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். அதில் அந்தப் பெண்ணின் திறமையைச் சோதிக்கிற கேள்வி ஒன்றுகூட இல்லை. கணக்குக் கேட்கவில்லை, கம்ப்யூட்டர் தெரியுமா என்று கேட்கவில்லை, வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவாய் என்று கேட்கவில்லை. சோதிக்கவே இல்லாதபோது அவர் தோற்றார் என்று எப்படிச் சொல்ல முடியும்? அந்த மூன்று நிமிடத்தில் வெளியே தெரிந்தது கடையின் குணம். சொன்ன வேலை ஒன்று, கொடுக்க நினைத்தது வேறு. நேரத்துக்கு மதிப்பில்லை. சம்பளத்தை வாய் திறந்து சொல்லவில்லை. சேரும் முன்பே சான்றிதழைப் பிடித்து வைக்கப் பார்த்தார்கள். அங்கே சேர்ந்திருந்தால் இதே நடத்தையோடுதான் மாதக்கணக்கில் குப்பை கொட்ட வேண்டியிருந்திருக்கும்.

ஒன்று மட்டும் அந்தப் பெண் செய்திருக்கலாம். சம்பளக் கேள்விக்குப் பதில் வராதபோது விடாமல், மரியாதையாக இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருக்கலாம். எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அதை இப்போது சொல்கிறேன்.

வேலை மாறிப்போவது ஏன்?

பில்லிங், கேஷ், அக்கவுண்ட்ஸ் என்று கூப்பிட்டுவிட்டு சேல்ஸில் நிற்கச் சொல்வது கடைகளில் அடிக்கடி நடக்கிறது. பில்லிங் மேசைகள் கொஞ்சம்தான். அதில் உட்காரும் ஆட்கள் சீக்கிரம் மாறுவதில்லை. செக்‌ஷனில் நிற்கும் ஆட்களோ வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருப்பார்கள். எனவே ஆள் பற்றாக்குறை எப்போதும் அங்கேதான். பில்லிங் என்று சொன்னால் படித்தவர்கள் வருவார்கள், வந்தவர்களில் பாதிப் பேராவது சேல்ஸுக்குச் சம்மதிப்பார்கள் என்று கணக்குப் போடுகிறார்கள். இது நேர்மையற்ற வழி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதற்காக சேல்ஸ் வேலை மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாக விற்கத் தெரிந்தவருக்கு எந்தக் கடையிலும் இடம் உண்டு. செக்‌ஷன் பொறுப்பாளர், ஃப்ளோர் சூப்பர்வைசர், கொள்முதல் என்று மேலே போகும் வழியும் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. கேள்வி வேறு: நீங்கள் தெரிந்து ஒப்புக்கொள்கிறீர்களா, அல்லது தள்ளிவிடப்படுகிறீர்களா? வேலையை மாற்றிச் சொன்னால் அந்த இடத்திலேயே முகம் வாட வேண்டாம். "பில்லிங்னு சொல்லித்தான் வந்தேன் சார். சேல்ஸ்னா என்ன செக்‌ஷன், எவ்வளவு நாள்ல பில்லிங்குக்கு மாத்துவீங்க, சம்பளம் ரெண்டுக்கும் ஒண்ணா?" என்று கேளுங்கள். தெளிவான பதில் வந்தால் யோசிக்கலாம். "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்று வந்தால், யோசிக்க நாளைக்கு வரை நேரம் கேட்டுவிட்டு வெளியே வாருங்கள்.

கையில் எவ்வளவு?

சம்பளத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறோம். 'வேலை கேட்டு வந்தவன் சம்பளம் கேட்கலாமா' என்ற தயக்கம் நம் வீடுகளில் ஊறிக் கிடக்கிறது. கேட்காவிட்டால் முதல் மாதம் கையில் வாங்கும்போதுதான் உண்மை தெரியும். எனவே ஒரு மாதிரிக் கணக்கைப் பாருங்கள்.

உங்களிடம் சொன்ன மாதச் சம்பளம் 15,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப். பிடித்தம் இந்த 9,000 ரூபாயில் 12 சதவீதம், அதாவது 1,080. இ.எஸ்.ஐ. பிடித்தம் மொத்தச் சம்பளத்தில் 0.75 சதவீதம், அது 113 ரூபாய். ஆக, கைக்கு வருவது 13,807. பலகையில் 'இலவசம்' என்று எழுதிய உணவுக்கு மெஸ் கணக்கில் மாதம் 2,000 பிடித்தால் 11,807. தாமதத்துக்கு ஃபைன், ஸ்டாக் குறைந்தால் எல்லாருக்கும் பங்கு போட்டுப் பிடித்தம், சீருடைக்குத் தவணை என்று போனால் இன்னும் இறங்கும். 15,000 என்று கேட்ட காதுக்கும் 11,000 வாங்கும் கைக்கும் இடையில் இவ்வளவு இருக்கிறது.

பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களே என்று வருத்தப்பட வேண்டாம். அவை பிடிக்கப்படுவதே நல்ல கடையின் அடையாளம். பி.எஃப்.பில் நீங்கள் போடும் 12 சதவீதத்துக்கு முதலாளியும் 12 சதவீதம் போட வேண்டும்; அதில் ஒரு பகுதி ஓய்வூதியத்துக்குப் போகிறது. இ.எஸ்.ஐ.யில் முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்கள் இ.எஸ்.ஐ.க்குள் வருவார்கள், உங்களுக்கும் உங்களை நம்பியிருக்கும் குடும்பத்துக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் சிகிச்சை கிடைக்கும். தகுதிக்கான நாட்கள் நிறைந்திருந்தால் நோயில் விடுப்பு எடுத்த நாட்களுக்குச் சம்பளத்தில் ஒரு பங்கும் வரும். ஆகவே கேள்வியை இப்படி வையுங்கள்: "பிடித்தம் போகக் கைல எவ்வளவு சார் வரும்? பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா? முதலாளி பங்கு இந்தத் தொகைக்குள்ளேயா, வெளியிலயா?" கடைசிக் கேள்வி மிக முக்கியம். முதலாளி கட்ட வேண்டிய பங்கையும் உங்களுக்குச் சொன்ன தொகைக்குள்ளேயே அடக்கிவிட்டால், மேலே போட்ட கணக்கில் இன்னும் ஆயிரத்து ஐநூறு ரூபாய்க்கு மேல் குறையும்.

முன்பே வேறு இடத்தில் வேலை பார்த்திருந்தால் உங்கள் பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணைக் கையோடு கொண்டுபோங்கள். அந்த எண் வாழ்நாள் முழுக்க ஒன்றே. கடை பணம் கட்டுகிறதா என்பதை உமாங் செயலியில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். சம்பளத்தில் பிடித்துவிட்டு பி.எஃப். கணக்கில் கட்டாமல் விடும் இடங்களும் உண்டு. முதல் இரண்டு மாதத்துக்குள் பார்த்துவிடுவது நல்லது.

இன்சென்டிவ் பற்றியும் கேளுங்கள். டார்கெட் ஆளுக்கா, செக்‌ஷனுக்கா? டார்கெட் தொடாத மாதம் வெறும் சம்பளமா, அதிலும் கை வைப்பார்களா? விற்பனை நன்றாக நடக்கும் கடையில் இதற்கு மேனேஜர் உற்சாகமாகப் பதில் சொல்வார். அவர் முகத்தைப் பார்த்தாலே பாதி புரிந்துவிடும்.

எத்தனை மணி நேரம், உட்கார இடம் உண்டா?

ஜவுளிக்கடை ஊழியர்களின் வாழ்க்கையை 2010இல் வந்த வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' படம் ஊரறியச் செய்தது. அதன் பிறகும் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் வழக்கம் தொடர்ந்தது. கால் நரம்பு புடைத்துக்கொள்வது, மூட்டு வலி, சிறுநீரை அடக்கி அடக்கி வரும் தொற்று ஆகியவை நீண்ட நேரம் நின்று வேலை செய்யும் பெண்கள் வாய்விட்டுச் சொல்லாத தொல்லைகள். 2018இல் கேரளம் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றமும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, 22-ஏ என்ற புதிய பிரிவைச் சேர்த்தது. எல்லாக் கடைகளிலும் ஊழியர்கள் உட்காரப் பொருத்தமான இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார விட வேண்டும் என்பது அதன் சாரம்.

சட்டம் வந்துவிட்டது, ஸ்டூல் எல்லா இடத்திலும் வந்துவிடவில்லை. இதை நேர்காணலுக்குப் போகும் நாளில் உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடலாம். அரை மணி நேரம் முன்னதாகப் போய், வாடிக்கையாளர் போலக் கடைக்குள் ஒரு சுற்று வாருங்கள். செக்‌ஷனில் நிற்பவர்கள் பக்கத்தில் ஸ்டூல் இருக்கிறதா? கூட்டம் இல்லாத நேரத்தில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா? சூப்பர்வைசர் ஊழியர்களை எப்படிக் கூப்பிடுகிறார், பெயர் சொல்லியா, அதட்டலாகவா? பெண் ஊழியர்களுக்குத் தனிக் கழிவறை எந்த மாடியில்? முடிந்தால் ஓர் ஊழியரிடம், "அக்கா, எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவீங்க?" என்று மெதுவாகக் கேளுங்கள். மேனேஜர் சொல்லும் எதையும்விட அந்தப் பதில் நம்பத்தகுந்தது. மேலே சொன்ன பெண் காத்திருந்த நான்கு மணி நேரத்தில் இதைச் செய்திருந்தால், உள்ளே கூப்பிடும் முன்பே முடிவெடுத்திருப்பார்.

நேரத்துக்கு வருவோம். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. தொடர்ந்து 4 மணி நேரம் வேலை செய்தால் ஒரு மணி நேர இடைவேளை தர வேண்டும். கூடுதல் நேரம் வேலை வாங்கினால் அதற்கு இரட்டிப்பு ஊதியம். அப்போதும் நாளுக்கு 10 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வாரத்தில் ஒரு நாள் முழு விடுமுறை. ஒரு வருடம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு 12 நாள் சம்பளத்தோடு விடுப்பு. நோய்க்கும் தற்செயல் தேவைக்கும் தனித்தனியே விடுப்பு. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும் (அல்லது அதற்கு ஈடான சம்பளமும்) இல்லாமல் நிறுத்தக் கூடாது என்று 41ஆவது பிரிவு சொல்கிறது. ஆறாவது மாதம் நெருங்கும்போது "கொஞ்ச நாள் லீவ் எடுத்துட்டுப் புதுசா சேரு" என்று யாராவது சொன்னால், ஏன் சொல்கிறார்கள் என்று இப்போது உங்களுக்குப் புரியும்.

10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் கடைகளை 24 மணி நேரமும் திறக்க 2019இல் அரசு அனுமதி தந்து, பிறகு நீட்டித்தும் வருகிறது. இரவு 8 மணிக்கு மேல் பெண்களை வேலை வாங்க அவர்களின் எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. வெளியூரிலிருந்து வருபவர்கள் கடை மூடும் நேரத்தையும் தங்கள் ஊருக்குக் கடைசி பஸ் நேரத்தையும் அருகருகே எழுதிப் பாருங்கள். சாதாரண அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆனால் பத்தரை மணிக்கு அந்தப் பஸ் ஓட வேண்டுமே.

நேர்காணலில் உட்கார்ந்துகொண்டு சட்டப் பிரிவு எண்களைச் சொல்லத் தேவையில்லை. "காலைல எத்தனை மணிக்கு வரணும், ராத்திரி எத்தனை மணிக்கு விடுவீங்க, வார லீவ் எந்தக் கிழமை, சீசன்ல லீவ் உண்டா?" என்று கேட்டால் போதும். சட்டம் தெரிந்திருப்பது பதிலை எடை போடுவதற்கு.

கொஞ்சம் தயாராகிப் போங்கள்

கடைக்காரர் பார்ப்பது மூன்றுதான்: பேச்சு, கணக்கு, நிற்கும் தெம்பு. நல்ல மேனேஜராக இருந்தால் ஒரு பொருளைக் கையில் கொடுத்து "இதை எனக்கு வித்துக் காட்டு" என்பார். அப்போது பொருளின் பெருமையை அடுக்காதீர்கள். "யாருக்குங்க எடுக்கறீங்க? என்ன விசேஷம்? எவ்வளவுக்குள்ள பாக்கலாம்?" என்று முதலில் கேளுங்கள். கேட்டுவிட்டு விற்பவரைத்தான் கடைகள் தேடுகின்றன. 1,250 ரூபாய்ச் சட்டைக்கு 15 சதவீதம் தள்ளுபடி போக எவ்வளவு என்றால், 1,062 ரூபாய் 50 பைசா என்று வாயால் சொல்ல வர வேண்டும். நான்கு நாள் பழகினால் வந்துவிடும்.

போகும் கடையைப் பொறுத்து ஒன்றிரண்டு விஷயம் தெரிந்துகொண்டு போனால் தனியாகத் தெரிவீர்கள். துணிக்கடை பில்லிங் என்றால், 2025 செப்டம்பர் 22 முதல் ஆயத்த ஆடை உருப்படி ஒன்று 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. நகைக்கடை என்றால், 916 என்பது 22 காரட்; 2023 ஏப்ரல் முதல் ஹால்மார்க் நகையில் ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. எண் கட்டாயம். சூப்பர் மார்க்கெட் என்றால், காலாவதித் தேதி நெருங்கிய பொருளை அலமாரியில் முன்னால் அடுக்க வேண்டும். இவ்வளவு போதும்.

எதற்குச் சம்மதிக்கக் கூடாது?

ஒரிஜினல் சான்றிதழைக் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள். நகலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும். ஒருமுறை உள்ளே போன மார்க் சீட்டை வாங்க மாதக்கணக்கில் அலைந்தவர்கள் உண்டு. வேலையை விட்டு விலக முடியாமல் அதற்காகவே மாட்டிக்கொண்டவர்களும் உண்டு.

பணம் கட்டாதீர்கள். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், சீருடை டெபாசிட் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் வேண்டாம். பெரிய கடைகளின் பெயரைச் சொல்லி வாட்ஸ்அப்பில் 'செலக்ட் ஆகிவிட்டீர்கள்' என்று அனுப்பிப் பணம் பறிக்கும் கும்பல்கள் இருக்கின்றன. ஏமாந்துவிட்டால் கூச்சப்படாமல் உடனே 1930 என்ற எண்ணில் புகார் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்கி மீட்க அவ்வளவு வாய்ப்பு.

'ரெண்டு நாள் நின்னு பாரு, பிடிச்சா சேத்துக்கறோம்' என்று சம்பளமில்லாமல் வேலை வாங்கினால், அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். தீபாவளி வாரத்தில் இந்த 'நின்னு பாரு' ஆட்களை வைத்தே கூட்டத்தைச் சமாளிப்பது அநியாயம்.

கல்யாணம், குழந்தை, சாதி பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லியே தீர வேண்டும் என்றில்லை. "வேலைக்கு எவ்வளவு நாள் இருப்பேன்னு கேக்கறீங்கன்னா, ரெண்டு வருஷம் நிச்சயமா இருப்பேன் சார்" என்று பேச்சை வேலைக்குத் திருப்புங்கள். எல்லை மீறிய பேச்சு, தொடுதல், தனியே வரச் சொல்வது என்று போனால் உடனே எழுந்து வெளியே வந்துவிடுங்கள். பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், அங்கே வேலையில் இருக்கும் பெண்களுக்கு மட்டுமானதல்ல. நேர்காணலுக்கு வந்த பெண்ணும் புகார் தரலாம். 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும், அதற்குக் குறைந்தால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். புகாரை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். உடனடி உதவிக்குப் பெண்கள் உதவி எண் 181.

போன் வரவில்லை என்றால்

சொன்ன நாள் தாண்டி ஒரு வாரம் காத்திருங்கள். பிறகு நீங்களே கூப்பிடுங்கள். "சார், போன வாரம் பில்லிங் வேலைக்கு வந்திருந்தேன். இன்னும் இடம் இருக்குதுங்களா? இல்லைன்னா வேற இடம் பாத்துக்கறேன்" என்று சொன்னால் போதும், கெஞ்ச வேண்டியதில்லை. சீசன் சமயத்தில் சேர்ந்த ஆட்களில் சிலர் முதல் வாரமே நின்றுவிடுவார்கள். அப்போது தானே கூப்பிட்ட ஆள்தான் மேனேஜருக்கு நினைவு வரும். இப்படி இரண்டாவது போனில் வேலை கிடைத்தவர்களை எனக்குத் தெரியும். இல்லை என்று சொல்லிவிட்டால் அன்றோடு அந்தக் கடையை மனதிலிருந்து இறக்கிவிடுங்கள்.

ஒரே கடையை நம்பி இருக்காதீர்கள். தமிழ்நாடு தனியார் வேலை இணையத்தளத்தில் பெயரைப் பதியலாம், கட்டணமில்லை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில் சிறிய தனியார் வேலைவாய்ப்பு முகாம் நடத்துகின்றன. ஒரே நாளில் பல நிறுவனங்களைப் பார்த்து ஒப்பிட முடிவது இதில் பெரிய வசதி. கல்லூரியில் படிப்பவர்கள் நான் முதல்வன் திட்டத்தில் சில்லறை வணிகப் பயிற்சி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் ஊரிலேயே இருக்கும் மளிகை மொத்தக் கடை, மருந்துக் கடை, மொபைல் கடை ஆகியவற்றையும் விட்டுவிடாதீர்கள். பெரிய கண்ணாடிக் கட்டடத்தைவிடச் சில சமயம் அங்கே மரியாதை அதிகம்.

வேலை கிடைத்துவிட்டால் சேரும் நாளில் நியமனக் கடிதம் கேளுங்கள். பதவி, சம்பளம், நேரம், விடுமுறை நான்கும் தாளில் இருக்க வேண்டும். தர மறுத்தால், பேசியதை அப்படியே ஒரு வாட்ஸ்அப் செய்தியாக எழுதி, "இன்னைக்குப் பேசினது இதுதானுங்க சார்" என்று மேனேஜருக்கு அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே கொடுத்தாலோ, விடுமுறை மறுத்தாலோ தொழிலாளர் உதவி ஆய்வாளரிடம் புகார் தரும்போது அந்தச் செய்தி பயன்படும்.

கடை நடத்துகிறவர்களும் மேனேஜர்களும் இதைப் படிப்பீர்கள் என்று நம்பி ஒரு வேண்டுகோள். பத்து மணிக்கு வரச் சொன்னால் பத்தரைக்குள் பாருங்கள். முடியாவிட்டால் உட்கார நாற்காலியும் குடிக்கத் தண்ணீரும் கொடுங்கள். எந்த வேலைக்குக் கூப்பிட்டீர்களோ அந்த வேலையைப் பற்றிப் பேசுங்கள். சம்பளத்தைப் பலகையிலேயே எழுதிப் போடுங்கள். எடுக்கப் போவதில்லை என்றால் அன்று மாலையே ஒரு குறுஞ்செய்தி அனுப்பிச் சொல்லிவிடுங்கள். அந்தப் பிள்ளை அடுத்த நாள் காலை வேறு கடைக்குக் கிளம்பட்டும்.